சீர் வரிசையில் ஒரு துடுப்பு மெஷின்

என் மகன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். ஒரு நாற்காலி வாங்குவதென்றாலும் நாடா பிடித்து அளந்து, கைப்பேசியில் நாலு கடை பார்த்து, அதற்குப் பிறகும் ஒரு வாரம் யோசிப்பான். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அவன் மாமியாரையும் ஒரே காரில் ஏற்றி, ஒரே கடைக்கு உடற்பயிற்சி சாமான் வாங்கக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு சம்பந்திகளை ஒரே கடைக்குள் விடுவது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று எந்தக் காலேஜிலும் சொல்லித்தருவதில்லை போலிருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

நான் குடியிருப்பது பினாங்கில், லிட்டில் இந்தியாவுக்குள் ஒரு சந்தில், மசாலாக் கடைக்கு மேல்மாடியில். கீழே மல்லி வறுக்கிற வாசம் மேலே ஏறி வந்துதான் காலையில் என்னை எழுப்பும். பின்பக்க ஜன்னலைத் திறந்தால் கோயில் கோபுரத்தின் முதுகு தெரியும். முன்பக்க ஜன்னலைத் திறந்தால் யார் எந்தக் கடையிலிருந்து என்ன சேலை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பது தெரியும். இரண்டில் எந்த ஜன்னல் எனக்கு முக்கியம் என்று எழுதினால் சாமிக்குக் கோபம் வரும். அதனால் எழுதவில்லை.

தீபாவளி வந்தால் முறுக்கும் அதிரசமும் சுட்டுக் கொடுப்பேன். மார்க்கெட் ஸ்ட்ரீட் நகைக்கடைகளுக்கே என் முறுக்குத்தான் போகும். எனக்குக் கையெழுத்துப் போடவும், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த எஞ்சினியரைப் படிக்கவைத்தது என் எண்ணெய்ச் சட்டி. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் பசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு வரும்போது மாடிப்படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். ஆனால் கீழே மசாலாக் கடை பாய் இருக்கிறாரே, அவர் என் மகனுக்கு ஃபோன் போட்டு, "தம்பி, அம்மா படியில விழுந்துட்டாங்க, ஓடியாங்க" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் வேலையைப் போட்டுவிட்டுப் கடல் பாலத்தைத் தாண்டி ஓடிவந்தான். ஆஸ்பத்திரியில் முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, தொடையில்தான் பலமில்லை, தினமும் காலுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றைக்கே என் மகன் ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா, இனிமே இந்த மாடி வேணாம்மா. செபராங் ஜெயாவுக்கு எங்ககூட வந்துடுங்க. கீழ் ரூம் சும்மாதானே கிடக்கு."

அவன் வீடு மாடி வீடு. படுக்கையறைகள் எல்லாம் மேலே. கீழே ஹாலையும் சமையலறையையும் ஒட்டி ஒரே ஒரு அறை. என் முழங்காலுக்கு மாடி ஆகாது என்று தீர்ப்பாகிவிட்டதால், அந்த வீட்டில் எனக்குக் கட்டில் போடக்கூடிய இடம் அந்தக் கீழறை மட்டும்தான். இதை மட்டும் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். தங்கமான பெண். ஆனால் அவள் அடுப்பு கண்ணாடி அடுப்பு. அதில் முறுக்குச் சட்டியை வைப்பதற்குப் பதில் என்னையே தூக்கி வைக்கலாம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும், அந்தச் சுவரில் ஒரு பல்லியும் தெரியும். ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்குவதற்கும் யாராவது கார் எடுக்க வேண்டும். அங்கே போய் இருந்தால் நான் நன்றாக இருப்பேன், வேளாவேளைக்குச் சாப்பிடுவேன், யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அலமாரியில் வைத்த வெள்ளிக் குத்துவிளக்கும் அப்படித்தான் இருக்கிறது.

"தீபாவளி முடியட்டும்யா" என்றேன்.

"சரி. தீபாவளி முடிஞ்சதும் வீட்டுக்காரர்கிட்ட சாவியக் கொடுத்துடுவோம்" என்றான். நான் நாள் கடத்துவதற்காகச் சொன்னதை அவன் முகூர்த்தம் குறித்ததாக எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. "உங்க காலுக்கு ஒரு சாமான் வாங்கணும்மா, கீழ் ரூம் மூலையில வச்சுடலாம். அத்தையும் வர்றாங்க, அவங்களுக்கும் சேர்த்துப் பாப்போம்" என்றான்.

அவன் அத்தை, அதாவது என் சம்பந்தி, யாழ்ப்பாணத்து வம்சம். அப்பா ரயில்வேயில் கிளார்க், புருஷன் கவர்மெண்டில் கிளார்க், இவரே ஒரு ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். பட்டர்வொர்த்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் ஆங்கிலப் பேப்பர் படித்த பிறகுதான் தேநீர் குடிப்பார் என்று கேள்வி. என்னை ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அந்த மரியாதைதான் எனக்குத் தாங்காது. ஐஸ் கட்டியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுகிற மாதிரி இருக்கும்.

கல்யாணத்தில் நான் இத்தனை தட்டு வைத்தேன் என்று பார்த்து, அதைவிட ஒரு தட்டு கூட வைத்தவர் அவர். வளைகாப்புக்கு அவர் தங்கக் காப்புப் போட்டார் என்று, பேரன் பிறந்தபோது நான் அரைஞாண் போட்டேன். தீபாவளிக்கு என் அதிரசம் அந்த வீட்டுக்குப் போகும், அதே பாத்திரத்தில் அவருடைய அரியதரம், அதாவது யாழ்ப்பாணத்து அதிரசம், திரும்பி வரும். பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிற பழக்கம் இரண்டு பக்கமும் இல்லை. அதனால் இந்தப் போர் ஓய்வதே இல்லை. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. பேரன் கோலாலம்பூரில் படிக்கப் போய்விட்டான்.

பட்டர்வொர்த்தில் அவர் வீட்டு வாசலில் கார் நின்றதும் நான் முன் சீட்டிலிருந்து இறங்கினேன்.

"முன்னாடி உக்காருங்க சம்பந்தி."

"ஐயோ, நீங்கள் மாப்பிள்ளையின்ர தாய். நீங்கள் இருங்கோ."

"பரவால்ல, நீங்க உக்காருங்க."

"இல்லை இல்லை, சரியா வராது."

கடைசியில் இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். என் மகன் வாடகைக் கார்க்காரர் மாதிரி தனியாக முன்னால் உட்கார்ந்து ஓட்டினான். அப்போதே அவன் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும்.

செபராங் ஜெயாவில் கடைகள் இருக்கிற வரிசையில் அந்தக் கடை. உள்ளே போனதும் ஏர்கான் குளிர் முழங்காலைப் போய்ப் பிடித்தது. வரிசை வரிசையாகக் கறுப்பு மெஷின்கள். ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார், ஓடியும் அங்கேயேதான் இருந்தார். கடைக்காரர் சீனர், என் மகன் வயதுதான் இருக்கும். அவருடைய புஜம் என் பழைய தொடை அளவு இருந்தது. "வாங்க ஆன்ட்டி, வாங்க ஆன்ட்டி" என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் தமிழிலேயே சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

என் மகன் ஏற்கனவே பார்த்துவைத்திருந்ததை எடுத்து வரச் சொன்னான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே கால் வைத்து மிதிக்கிற ஒரு சின்னச் சாமான். இரண்டு மிதி, நடுவில் ஒரு தண்டு, அவ்வளவுதான். என் முறுக்குச் சட்டி அளவுகூட இல்லை.

"இது போதும்மா. டிவி பாத்துக்கிட்டே மிதிக்கலாம். மிதிச்சு முடிஞ்சதும் கட்டிலுக்கு அடியில தள்ளி வச்சுடலாம்."

கட்டிலுக்கு அடியில் என்ற சொல் என் காதில் வந்து நின்றது. சாமான் சின்னதாக இருந்தால் கட்டிலுக்கு இடம் இருக்கிறது. அப்படியானால் சாமான் பெரிதாக இருந்தால்? அந்த நிமிஷத்தில் எனக்கு உடற்பயிற்சியின் மேல் பெரிய ஆர்வம் வந்துவிட்டது.

"இது என்னய்யா, பொம்மை மாதிரி இருக்கு? மத்ததையும் பாப்போம், இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று எழுந்தேன்.

முதலில் நடக்கிற மெஷின். கைப்பிடி என் இடுப்புக்குச் சரியாக வந்தது. கடைக்காரர் ஒரு சிவப்புக் கயிற்றின் முனையிலிருந்த கிளிப்பை உடையில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். நான் முந்தானையில் மாட்டினேன். பட்டை மெதுவாக நகர்ந்தது. நடந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பாதையில் குழியில்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, எதிரே வந்து நின்று ஊர்வம்பு கேட்கிறவர்களும் இல்லை. அது ஒன்றுதான் குறை. கொஞ்ச நேரத்தில் சம்பந்தி என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். முந்தானை இழுபட்டு, கயிறு பிடுங்கிக்கொண்டு, மெஷின் கீச்சென்று நின்றுவிட்டது. நான் கைப்பிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அம்மா!" என்று பதறினான் மகன்.

"நல்ல மெஷின்" என்று சொன்னார் சம்பந்தி. "பக்கத்தில ஆள் என்ன செய்யினம் எண்டு பாத்தா நிண்டிடுது."

பதிலைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன்.

அடுத்து சைக்கிள்கள். உயரமான சைக்கிளில் காலைத் தூக்கிப் போட என்னால் முடியாது. ஆனால் ஓரமாக இரண்டு இருந்தன. சாய்வு நாற்காலி மாதிரி முதுகை வைத்துக்கொண்டு, காலை முன்னால் நீட்டி மிதிக்கிறவை. நடுவில் தாண்ட ஒன்றுமில்லை, நேரே போய் உட்கார்ந்துவிடலாம். முழங்கால் வலிக்கு இதுதான் நல்லது என்று கடைக்காரர் கையால் முழங்காலைத் தடவிக் காட்டினார். உட்கார்ந்து மிதித்தேன். உண்மையாகவே வலிக்கவில்லை. நீளம் என்று பார்த்தால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற நீளம் இருந்தது. அதுவும் எனக்குப் பிடித்தது.

பக்கத்து சைக்கிளில் சம்பந்தி வந்து உட்கார்ந்து மெல்ல மிதித்தார். என் மகன் தூரத்தில் கடைக்காரரிடம் அந்தச் சின்னச் சாமானுக்கு எத்தனை வருஷ உத்தரவாதம் என்று பேசிக்கொண்டிருந்தான். சம்பந்தி நேராகப் பார்த்தபடியே, உதடு அசையாமல் கேட்டார்.

"உங்களுக்குச் சொன்னவையோ? ரெண்டு கட்டிலுக்குச் சொல்லியாச்சு."

"ரெண்டா? எனக்கு எதுக்கு ரெண்டு?"

"ஒண்டு எனக்கு."

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"மிதியுங்கோ, மிதியுங்கோ, அவர் பாக்கிறார்" என்றார் சம்பந்தி. "என்னையும் வரச் சொல்லி ஒரே ஆக்கினை. பட்டர்வொர்த் வீட்டை வாடகைக்கு விடலாமாம். ரெண்டு அம்மாவும் கீழ் அறையில ஒண்டாயிருந்தா ஆளுக்கு ஆள் துணையாம்."

"ஒரே ரூம்லயா?"

"ஓம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்."

நாங்கள் இரண்டு பேரும் மிதித்துக்கொண்டே இருந்தோம். அத்தனை வருஷத்துத் தட்டுகளும் காப்புகளும் அரைஞாணும் அந்த இரண்டு கட்டிலுக்கு நடுவில் வந்து நிற்பதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார்.

"குறட்டை விடுவீங்களா சம்பந்தி?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் நித்திரையெல்லோ. நீங்கள்?"

"எனக்கு ரேடியோ பாடினாத்தான் தூக்கம் வரும்."

"விடிய விடியவோ?"

"விடிய விடிய."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"அந்த ரூம் எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு கட்டிலும் ஒரு அலுமாரியும் வைக்கலாம்."

"இந்த சைக்கிள உள்ள வச்சா?"

சம்பந்தி குனிந்து சைக்கிளின் முன்னாலும் பின்னாலும் பார்த்தார். "ஒரு கட்டில்தான் வைக்கலாம்."

"அந்த நடக்கிற மெஷினையும் வச்சா?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்னை முழுதாகத் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சம்பந்தி, உங்களை நான் இவ்வளவு காலமும் வடிவா விளங்கிக்கொள்ளேல்ல" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள் திட்டம் என்று ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. எங்களுக்குச் சண்டை போடத் தெரியும், அது போதுமாக இருந்தது.

மகன் சின்னச் சாமானோடு வந்தான். "முடிச்சுடலாமாம்மா?"

"முடிச்சுடு. நம்மளுக்கு இதுக்குத்தான் வசதின்னு சம்பந்தி முன்னாடி தெரிஞ்சுட்டுப் போகட்டும்" என்று பெருமூச்சு விட்டேன்.

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "வசதிக்கு என்னம்மா? இடம் இல்லம்மா. உங்களுக்கு எது வேணும்?"

"நான் ஒண்ணும் கேக்கல. இந்தச் சைக்கிள்ல உக்காந்தா வலிக்கல, அதத்தான் சொன்னேன்."

கடைக்காரர் உடனே, "போலே, போலே, ஆன்ட்டி, பாகுஸ்" என்று, முடியும், நல்ல சாமான் என்று மலாயில் சொல்லித் தலையாட்டினார். என் மகன் ஒரு பார்வை மாமியாரைப் பார்த்தான். மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் வாங்கியாகிவிட்டது.

கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சம்பந்தி ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, அம்மாவுக்கு நீங்கள் வாங்கினது நல்லது. ஆனா ஒரு புதுக் காரியம் நடக்கேக்க பெண் வீட்டில இருந்து ஒண்டும் வைக்காட்டி நாலு பேர் என்ன சொல்லுவினம்? அந்த நடக்கிற மெஷின் என்ர பங்கு. என்ர மகளின்ர வீட்டுக்கு என்ர சீர்."

"அத்தை, சீரா? இது ஜிம் சாமான் அத்தை."

"ஏன், ஜிம் சாமான் சீர் ஆகாதோ? கட்டில் பீரோ குடுக்கிற மாதிரித்தானே?"

"அவங்க ஏன்யா வாங்கணும்?" என்று நான் குறுக்கே விழுந்தேன். "நம்மளால முடியாதா? வேணாம்னு சொல்லு."

"வேண்டாம் எண்டு சொல்லி என்னை அவமானப்படுத்துறாவோ உங்கட அம்மா?"

"நான் எப்ப அவமானப்படுத்தினேன்? கேளுய்யா, நான் அவமானப்படுத்தினேனா?"

ஓடிக்கொண்டிருந்தவர்கூட மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். என் மகன் ஒரு தூணுக்குப் பின்னால் போய் மருமகளுக்கு ஃபோன் போட்டான். அவள் என்ன சொன்னாள் என்று பிறகு அவளே என்னிடம் சொன்னாள். "ரெண்டு பேர் மனசும் நோகாம வாங்கிட்டு வாங்க, பிறகு ஒண்டைத் திருப்பிக் குடுக்கலாம்." பாவம், நல்ல யோசனைதான்.

நடக்கிற மெஷினுக்கு சம்பந்தி தன் பர்சைத் திறந்தார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் சீர் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை வீடு சும்மா இருந்தால் அது எப்படிச் சண்டையாகும்? யாரும் நம்ப மாட்டார்கள். அதுவுமில்லாமல், நிஜமாகவே என் கை துறுதுறுத்தது. இத்தனை வருஷப் பழக்கம்.

மூலையில் ஒரு துடுப்புப் போடுகிற மெஷின் இருந்தது. தண்டவாளம் மாதிரி நீளமாக, உட்காரும் பலகை முன்னும் பின்னும் ஓடும். கடையிலேயே அதுதான் நீளம்.

"என் மருமகளுக்கு மாமியார் சீர். என் முறுக்குக் காசு" என்றேன்.

"அம்மா, இத யாரும்மா ஓட்டுவா?"

"உன் பொண்டாட்டி ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து முதுகு வலிங்கிறா. நீ கவனிக்கல, நான் கவனிச்சேன்."

கடைக்காரர் அந்தச் சின்னச் சாமானையும் இலவசமாகவே கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரத்தில் சாமான்கள் வந்து இறங்கின. நாங்கள் இரண்டு பேரும் முதல் நாளே போய் உட்கார்ந்திருந்தோம். நிலைமையைக் கையைவிட்டுப் போக விடக் கூடாது அல்லவா? அறைக்குள் வைத்ததும் சம்பந்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். சைக்கிள் நெற்றியில் ஒரு பொட்டு, நடக்கிற மெஷினுக்கு மூன்று பொட்டு, துடுப்பு மெஷினுக்கு எங்கே நெற்றி என்று தெரியாமல் நான்கு இடத்தில் பொட்டு. நான் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்துச் சூடம் காட்டினேன். மருமகளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. புதுக் காருக்கு வைக்கிற மாதிரி ஒரு எலுமிச்சம்பழத்தை நடக்கிற மெஷினின் பட்டையில் வைத்து பட்டனை அழுத்தினாள். பழம் நசுங்கவில்லை. பட்டையில் சவாரி செய்து, பின்பக்கம் பறந்து, வாசலில் நின்ற என் மகன் வயிற்றில் போய் விழுந்தது.

அன்றைக்குச் சாயங்காலமே கட்டில்காரர்கள் வந்துவிட்டார்கள். இரண்டு கட்டிலையும் ஹாலில் செங்குத்தாக நிறுத்திவிட்டு, அறைக்குள் எட்டிப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு பாய் விரிக்கவும் இடமில்லை. கதவுகூடப் பாதிதான் திறந்தது.

மகன் நாடாவை எடுத்து வந்து அளந்தான். இப்படி அளந்தான், அப்படி அளந்தான். மெஷின்களை மாடிக்கு ஏற்றலாமா என்று பார்த்தான். படி வளைகிற இடத்தில் அவை திரும்பாது. என்னைப் போலவே அவற்றுக்கும் மாடி ஆகாது என்று தெரிந்தது.

"நடக்கிற மெஷினத் திருப்பிக் கொடுத்துடறேன். ஒரு வாரத்துக்குள்ள கொடுத்தா எடுத்துக்குவாங்க" என்றான்.

மருமகள்தான் முதலில் எங்கள் பக்கம் திரும்பினாள். அவளை நாங்கள் கூட்டுச் சேர்க்கவே இல்லை, சத்தியமாக. "என்னப்பா கதைக்கிறீங்க? அம்மா பொட்டு வச்சுக் குடுத்த சீர். அதைத் திருப்பி அனுப்புறதும் என்னைத் திருப்பி அனுப்புறதும் ஒண்டுதானே?"

"அப்ப அந்தத் துடுப்பு..."

"அது மாமி எனக்குச் செஞ்சது. எனக்கு அது வேணும்."

"சைக்கிள்?"

"சைக்கிளத் திருப்பிக் கொடுத்துட்டு என் காலுக்கு என்னய்யா செய்யப் போற?" என்று நான் கேட்டேன்.

அவன் நாடாவைச் சுருட்டினான். ஹாலில் நிற்கிற கட்டில்களைப் பார்த்தான். அறைக்குள் பொட்டு வைத்த மெஷின்களைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். எஞ்சினியர் இல்லையா, கொஞ்சம் லேட்டாக வந்தாலும் கணக்கு வந்துவிட்டது.

"அம்மா. வேணும்னேதானே செஞ்சீங்க?"

சம்பந்தி சட்டென்று சைக்கிளில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, சிவபுராணம் சொல்கிற முகத்தோடு மிதிக்கத் தொடங்கினார். துரோகி.

"எத வேணும்னே?" என்றேன்.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபத்துக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். அவன் சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கடை பாய் நம்பர் ஃபோன்ல வந்தாலே நீங்க விழுந்துட்டீங்கன்னுதாம்மா நினைக்கிறேன். போன வாரம் மசால் தூள் வேணுமான்னு கேக்கத்தான் கூப்பிட்டாரு. அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள கார் சாவிய எடுத்துட்டேன்."

சம்பந்தி மிதிப்பதை நிறுத்திவிட்டார். நான் துடுப்பு மெஷினின் பலகையில் உட்கார்ந்தேன். அது என்னை மெதுவாகப் பின்னால் கொண்டுபோனது. காலை ஊன்றி முன்னால் வந்தேன்.

"இங்க பாருய்யா. ஞாயித்துக்கிழமையானா வந்து கூட்டிட்டு வா. உன் கண்ணு முன்னாடி இதுல மிதிக்கிறேன், அதுல நடக்கிறேன். மத்த நாளுக்கு அந்தச் சின்னச் சாமான் இருக்கு, அத என் வீட்டுக்குக் கொடுத்துவிடு. என் கால் என்னைக்கு இந்த மிதிய மிதிக்கலயோ, அன்னைக்கு மெஷினத் தூக்கிட்டுக் கட்டிலப் போடு. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"மிதிக்க முடியலன்னு நீங்க சொல்ல மாட்டீங்கம்மா."

"சொல்ல மாட்டேன்தான். அதுக்குத்தானே உன் வீட்டுல வச்சிருக்கு? நீயே பாத்துக்க."

அவன் கட்டில் கடைக்கு ஃபோன் போட்டு, திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டான்.

அடுத்த நாள் காலையில் என்னைப் பினாங்குக்குக் கொண்டுவந்து விட்டான். சந்துக்குள் வந்து இறங்கினதும், சின்னச் சாமானை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, "ஏறுங்க, பாப்போம்" என்றான்.

ஏறினேன். பாய் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். என் மகன் எனக்குப் பின்னால், தொடாமல், மற்றக் கையை மட்டும் விரித்துக்கொண்டு வந்தான். நடுப்படியில் முழங்கால் பிடித்தது. நான் நின்று, "பாய், இந்தப் படி கூட்டி எத்தன நாளாச்சு? மிளகாத் தூளா கிடக்கு" என்று கீழே பார்த்துச் சத்தம் போட்டேன். படி சுத்தமாகத்தான் இருந்தது. பாய் ஒன்றும் புரியாமல், "கூட்டுறேன்க்கா" என்றார். என் மகனுக்குப் புரிந்தது. அவன் அவசரப்படுத்தவில்லை. நான் திட்டி முடிக்கிற வரைக்கும் பின்னாலேயே நின்றான். பிறகு மிச்சப் படியையும் ஏறினேன்.

மேலே வந்து ஜன்னலைத் திறந்தேன். அவன் நாற்காலிக்கு முன்னால் அந்தச் சாமானை வைத்து, இரண்டு மிதியும் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தான்.

"வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். சாவி இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். போகும்போது, "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு ரெடியா இருங்க. தூங்கிட்டேன்னு சொல்லக் கூடாது" என்றான். அவன் கார் சந்து திரும்புகிற வரைக்கும் முன்பக்க ஜன்னலில் நின்றேன்.

பிறகு, இன்னும் மகள் வீட்டிலேயே இருந்த சம்பந்திக்கு ஃபோன் போட்டேன். நாங்கள் ஒருவருக்கொருவர் சும்மா ஃபோன் போட்டுப் பேசியது அதற்கு முன் கிடையாது.

"சாவி என்கிட்டயே இருக்கட்டும்னுட்டான்!"

"மெல்லமாக் கதையுங்கோ. மகள் இஞ்சதான் நிக்கிறாள்" என்றார். ஒரு கதவு சாத்துகிற ஓசை கேட்டது. பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"சம்பந்தி, இப்ப புதுசா ஒரு கதை போகுது. கார் நிப்பாட்டுற இடத்தை அடைச்சு ஒரு அறை கட்டலாமாம்."

"பெரிய ரூமா?"

"கொஞ்சம் பெரிசுதான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்து, காலை அந்தச் சின்னச் சாமானில் வைத்து, ஒரு சுற்று மிதித்தேன்.

"பிங்பாங் ஆடுற மேசை இருக்கே சம்பந்தி, அது எவ்வளவு நீளம் வரும்?"